பழைய ஸ்பேனரைக் கொக்கியாக்கினால் வரும் கோளாறுகள், அவற்றைச் சரிசெய்யும் வழிகள்

நான் மாட்டிய முதல் கொக்கி ராத்திரி ஒன்றரை மணிக்கு விழுந்தது. நேராகக் கீழே இருந்த பித்தளை அண்டாவில். ராயபுரத்தில் எங்கள் சந்து இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய அகலம். அண்டா சத்தத்துக்கு எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. "இன்னாம்மா, திருடனா?" என்று ஜன்னலிலிருந்து குரல். "இல்லக்கா, ஸ்பேனர்" என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

விழுந்த மண்ணை அப்போதே பெருக்கி முறத்தில் அள்ளிக் கொட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் அப்பா வந்து சுவரைப் பார்த்தார். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "கீழ விழுந்த தூள் எங்க?"

கொட்டிவிட்டேன் என்றதும் உச்சுக்கொட்டினார். எது பழுதானாலும் உடைந்த துண்டையும் உதிர்ந்த தூளையும் பார்க்காமல் காரணம் சொல்லக்கூடாது என்பது அவர் பழக்கம். அதன்பிறகு நான் செய்த முப்பது நாற்பது கொக்கிகளில் ஏறக்குறைய எல்லாக் கோளாறுக்கும் விடை அந்தத் தூளிலோ ஒடிந்த முகத்திலோதான் கிடைத்தது. அதனால் கீழே உள்ள எதைப் படிப்பதற்கு முன்பும் ஒன்று: விழுந்ததைப் பெருக்காதீர்கள்.

எந்த டூலை எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் பழைய டூல்ஸுக்குப் பஞ்சமில்லை. ரயில்வே பட்டறைகள், 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்னும் ரயில்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூர் லாரி தொழிற்சாலை, திருவொற்றியூர் புல்லட் பைக் தொழிற்சாலை, துறைமுகம், மூடிப்போன பின்னி மில் என்று தெருவுக்கு ஒரு பழைய ஃபிட்டராவது இருப்பார். அவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். முன்பு அது பேரீச்சம்பழத்துக்குப் போகும், இப்போது காயலான் கடைக்குப் போகிறது. அந்தப் பெட்டியில் 3/8 என்று எழுதி, பக்கத்தில் 'டபிள்யூ' எழுத்து பொறித்த ஸ்பேனர் கிடைத்தால் அது விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. அந்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது, ஸ்பேனர் வாயின் அகலத்தை அல்ல. அதனால் 3/8 என்று போட்டிருந்தாலும் வாய் ஏறக்குறைய 18 மி.மீ. இருக்கும். இன்றைய மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு இவை பெரும்பாலும் உதவாது, கொக்கிக்கு அருமையாக உதவும். ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது பழைய புல்லட் வைத்திருந்தால், வளைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் அதே ஸ்பேனரைத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கலாம்.

சரி, கோளாறுகளுக்கு வருவோம்.

வளைக்கும்போதே டக்கென்று ஒடிந்துவிட்டது

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் கடித்துப் பிடித்து, நீளமான பைப்பை நுழைத்து இழுத்திருப்பீர்கள். ஒடிந்த இரண்டு துண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உடைந்த முகத்தைப் பாருங்கள்.

கருஞ்சாம்பல் நிறத்தில், வறுத்த ரவையைப் போல மணிமணியாக இருந்தால் அது வார்ப்பிரும்பு. வைஸின் உடம்பு, இரும்பு இழைப்புளி, பழைய தையல் மெஷின் பாகங்கள் இந்த ஜாதி. இதைச் சூடாக்கினாலும் வளைக்க முடியாது. அதை அப்படியே பலகையில் திருகி, இயல்பாக எங்கே கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதில் மாட்டப் பாருங்கள்.

வெளிர்சாம்பலாக, மணியே கண்ணுக்குத் தெரியாமல் வழவழவென்று இருந்தால் அது கடினமாக்கிய எஃகு. நல்ல ஸ்பேனர், அரம், உளி எல்லாம் இப்படி. இதைக் குளிர்ந்த நிலையில் வளைக்க நினைப்பதுதான் தப்பு. பட்டறையில் கேஸ் செட் வைத்துச் செக்கச்செவேலென்று, பழுத்த கோவைப்பழ நிறம் வரும்வரை சூடாக்கினால் வெல்லப்பாகு போல வளையும். ஏறக்குறைய 800 டிகிரி. வீட்டு அடுப்பில் இது நடக்காது, முயன்று பார்த்து சிலிண்டரைத் தீர்த்தவள் சொல்கிறேன்.

உடைந்த முகத்தின் ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் பழுப்பாகத் துருவேறியிருந்தால் நீங்கள் ஒடிக்கவில்லை. அங்கே ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கிறது. விதியை நொந்துகொண்டு அடுத்த ஸ்பேனரை எடுங்கள்.

சூடாக்கி வளைத்தும் ஒடிகிறதா? அப்படியென்றால் வளைத்தபிறகு யாரோ தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர்களுக்குச் சூடான இரும்பைப் பார்த்தாலே பக்கத்து வாளியில் முக்கும் பழக்கம். நான் போகும் பட்டறையிலும் முதல் தடவை இதுதான் நடந்தது. கையில் வாங்கிவந்தேன், பலகையில் வைத்து ஒரு தட்டு தட்டினேன், கண்ணாடி மாதிரி இரண்டானது. இப்போதெல்லாம் கூடவே நிற்கிறேன்.

"தண்ணில போட்றட்டாக்கா?"

"வேணாண்ணா. அந்தச் சாம்பல்ல பொதைச்சு வெச்சிடுங்க, சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன்."

சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட்டால் எஃகு இளகி நிற்கும். ஸ்பேனராகப் பயன்படுத்த அந்தக் கடினம் போதாது, பள்ளிக்கூடப் பை தொங்க அது தாராளம்.

ஒரு எச்சரிக்கை. பளபளவென்று முலாம் பூசியதையோ நாக முலாம் பூசிய தண்ணீர்ப் பைப்பையோ அப்படியே நெருப்பில் காட்டாதீர்கள். நாகப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பழைய டூல்ஸில் பொன்மஞ்சளாக மின்னும் பூச்சு கேட்மியமாக இருக்கலாம், அது இன்னும் மோசம். முலாம் பூசியதைச் சூடுபடுத்தாமல், வளைக்காமல் கொக்கியாக்கும் வழியைத்தான் யோசிக்கவேண்டும்.

எஃகு என்ன ரகம் என்று ஒடிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டு. கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். நீளநீளமாக, கிளை அதிகமில்லாமல் கம்பி மத்தாப்பு போல ஓடினால் மெல்லிரும்பு. பூத்துப் பூத்துச் சிதறினால் கார்பன் அதிகமுள்ள எஃகு. குட்டையாக, மங்கிய சிவப்பில் விழுந்தால் வார்ப்பிரும்பு. தீபாவளி மத்தாப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அரை மணி நேரத்தில் பழகிவிடும். கண்ணாடி அணியாமல் மட்டும் பார்க்கவேண்டாம்.

டிரில் பிட் வழுக்குகிறது, நீலமாகிறது, துளை விழவில்லை

மேலே சொன்ன அதே கடினம்தான் காரணம். பிட் ஒரே இடத்தில் தேய்ந்துகொண்டிருந்தால் இரும்பைவிடப் பிட்தான் வெட்டுப்படும். சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்துக்கொள்ளுங்கள், மெஷினின் பட்டனைப் பாதி மட்டும் அழுத்தி மெதுவாகச் சுற்றவிடுங்கள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டபடி நன்றாக அழுத்துங்கள். சுருள் சுருளாக இரும்பு வந்தால் வெட்டுகிறது. மாவு மாதிரி வந்தால் தேய்கிறது, நிறுத்துங்கள்.

இன்னும் விழவில்லை என்றால் துளை வரும் முனையை மட்டும் சிவக்கச் சூடாக்கிச் சாம்பலில் ஆறவிட்டு, மறுபடி முயலுங்கள்.

என்னைக் கேட்டால் துளையே வேண்டாம். ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் திறந்த வாய் உள்ள ஸ்பேனரில் கடவுளே துளை போட்டுக் கொடுத்திருக்கிறார். ரிங்கைவிடப் பெரிய வாஷர் ஒன்றைப் போட்டு அதன் வழியே ஸ்க்ரூ இறக்கினால் போதும். அதில் வேறொரு கோளாறு வரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

வெல்டிங் பக்கத்தில் விட்டுவிட்டது

பக்கத்தில் என்றுதான் சொல்கிறேன். நன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் வெல்டிங் அப்படியே இருக்கும், அதை ஒட்டிய ஸ்பேனர்தான் விரிந்திருக்கும். வெல்டிங் சூடு சட்டென்று ஆறும்போது அந்த விளிம்பு கண்ணாடித்தன்மை அடைந்துவிடுகிறது. முலாம் பூசியதை வெல்டிங்குக்கு எடுக்கவே வேண்டாம், மற்றதில் வைக்கும் இடத்தில் துருவையும் எண்ணெயையும் அரைத்து எடுக்கவேண்டும், வெல்டிங்குக்கு முன் ஸ்பேனரைக் கையால் தொட முடியாத அளவுக்கு, அதாவது 200, 250 டிகிரிக்கு, சூடாக்கவேண்டும், முடிந்ததும் மறுபடி அதே சாம்பல். வெல்டிங் ராடு கேட்கும்போது சாதா 6013 நம்பருக்குப் பதிலாக 7018 இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். அதுவும் ஈரம்படாமல் உலர்ந்ததாக இருக்கவேண்டும்.

வெல்டிங்கே விட்டுப்போயிருந்தால், அதாவது புள்ளி மாதிரி உரிந்து வந்திருந்தால், அடியில் துருவோ எண்ணெயோ இருந்திருக்கிறது. அரைத்துவிட்டுத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும்.

கொக்கி சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது

பத்துக் கோளாறில் ஆறு இதுதான். என் அண்டாக் கதையும் இதுதான். கீழே கிடக்கும் தூளைக் கொஞ்சம் வெள்ளைத்தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் நிறத்தில் நெறுநெறுவென்று மணல் மட்டும் இருந்தால், உங்கள் பிளக், அதாவது ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் நைலான் குழல், பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது, செங்கல்லில் சரியாக இறங்கவே இல்லை. பூச்சு சாதாரணமாக 12-லிருந்து 20 மி.மீ. கனம் இருக்கும். 6 மி.மீ. பிளக் ஒன்றின் நீளமே 30 மி.மீ.தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், பூச்சு கனமாக இருந்தால் பாதிக்கு மேல் பூச்சில்தான் நிற்கிறது. பூச்சு எதையும் தாங்காது, அது சுவருக்குப் போட்ட பவுடர். 8 மி.மீ. பிளக்கும் 65 மி.மீ. ஸ்க்ரூவும் எடுத்து, பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே தட்டி இறக்குங்கள். துளை, பிளக்கின் முனை போய் நிற்கும் இடத்தைவிட 10 மி.மீ. ஆழமாக இருக்கட்டும். ஆழத்துக்கு அடையாளமாகப் பிட்டின்மேல் கருப்பு டேப்பைச் சுற்றிக்கொள்ளலாம்.

செந்தூள் வந்து, பிளக்கும் சேர்ந்து உருவி வந்திருந்தால், செங்கல்லுக்குப் போயிருக்கிறீர்கள், ஆனால் துளை பெரிதாகிவிட்டது. மெஷினை ஆட்டி ஆட்டி இழுத்தால் இப்படி ஆகும். அல்லது இரண்டு செங்கல்லுக்கு நடுவில் உள்ள சாந்துப் பொருத்தில் துளை விழுந்திருக்கும். ஒன்றரை அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்ந்து புதிதாகப் போடுங்கள்.

வெள்ளையாக, முகத்துக்குப் பூசும் மாவு மாதிரி மெல்லிய தூளாக வந்து, நடுவே சின்னச் சின்ன கிளிஞ்சல் துண்டு தென்பட்டால், வாழ்த்துகள், உங்களுடையது சுண்ணாம்புக் காரைச் சுவர். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடிப் பக்கம் இன்னும் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், அதாவது மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய வீடுகளில், இதுதான். இந்தச் சுவர் சிமென்ட் சுவர் மாதிரி இல்லை, மென்மையானது. டிரில் மெஷினைச் சுற்றியபடியே குத்தும் ஹேமர் மோடில் வைத்து டமடமவென்று குத்தினால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். ஹேமரை அணைத்துவிட்டு, வெறும் சுற்றில், முதலில் 5 மி.மீ. பிட்டால் வழி போட்டு, அப்புறம் பெரிதாக்குங்கள். பொருத்தைத் தவிர்த்துச் செங்கல்லின் நடுவில் போடுங்கள். செங்கல் எங்கே என்று எப்படித் தெரியும்? 3 மி.மீ. பிட்டால் ஒரு ஊசித் துளை போட்டுப் பார்த்தால் தூளின் நிறம் சொல்லிவிடும்.

ஏற்கெனவே பெயர்ந்த பள்ளத்தை என்ன செய்வது? தீக்குச்சியைச் செருகிக் கோந்து ஊற்றும் வேலை வேண்டாம். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் அண்டா. தூளை ஊதி எடுத்து, பள்ளத்தைத் தண்ணீரால் நனைத்து, சிமென்ட்டைப் பசை மாதிரிக் குழைத்துத் திணித்து, அதில் பிளக்கை அழுத்தி, ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். இரண்டாவது நாள் ஸ்க்ரூ, மூன்றாவது நாள் பாரம்.

இந்தப் பிளக் என்பது ரொம்பப் பழைய சமாச்சாரம் இல்லை. நைலான் பிளக்கை 1958-ல் ஜெர்மனியில் ஆர்தூர் ஃபிஷர் என்பவர் உருவாக்கினார். அதனால்தான் ஹார்டுவேர் கடையில் பிஷர் கொடுங்கள் என்றாலே எடுத்துக் கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் நம் வீடுகளில் மரக்கட்டையைச் செதுக்கிச் சுவரில் அடித்து அதில்தான் ஆணி இறக்கினார்கள். பழைய வீட்டில் துளை போடும்போது சட்டென்று பிட் மெத்தென்று இறங்கி மரத்தூள் வந்தால், தாத்தா காலத்துக் கட்டை ஒன்றில் இறங்கியிருக்கிறீர்கள். அது உளுக்காமல் இருந்தால் பிளக்கே தேவையில்லை, நேராக மர ஸ்க்ரூவை இறக்கிவிடலாம்.

தூள் ஈரமாக, கட்டிகட்டியாக விழுந்தால் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் நின்ற தெருக்களில் இடுப்பு உயரம்வரை சுவரில் உப்பு பூத்துப் பூச்சு உதிர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்துக்குக் கீழே கொக்கியே வேண்டாம், தோளுக்கு மேல் போங்கள்.

தூளே அதிகமில்லை, துளையும் நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்க்ரூ மட்டும் உருவி வந்துவிட்டதா? அப்படியானால் சுவர்மேல் குற்றமில்லை, கொக்கியின் நீளத்தில் இருக்கிறது. கொக்கி சுவரிலிருந்து 10 செ.மீ. வெளியே நீட்டியிருக்கிறது, முனையில் 6 கிலோ பள்ளிக்கூடப் பை, மேல் ஸ்க்ரூவுக்கும் கொக்கியின் அடிமுனைக்கும் இடையே 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆறைப் பத்தால் பெருக்கி நாலால் வகுத்தால் பதினைந்து. ஆறு கிலோ பை, ஸ்க்ரூவை 15 கிலோ கணக்கில் வெளியே இழுக்கிறது. அந்த 4 செ.மீ.யை 12 ஆக்கினால் இழுப்பு 5 கிலோவாகக் குறைந்துவிடும். ஆகவே பெரிய ஸ்க்ரூ தேடி அலைவதைவிட, ஸ்பேனரின் தண்டைச் சுவரோடு நீளமாக ஒட்டவிட்டு, ஸ்க்ரூவை எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே வையுங்கள். வெளியே நீட்டும் கொம்பு நாலு விரல் போதும். அதற்குமேல் நீட்டுவது அழகுக்குத்தான்.

எங்கள் பக்கத்தில் பலருக்குச் சுவரில் தொங்கவேண்டிய பெரிய பாரம் கேரம் போர்டு. நல்ல போர்டு பத்துக் கிலோவைத் தாண்டும். அதற்கு ஒற்றைக் கொக்கி ஆகாது. இரண்டு பெரிய ஸ்பேனர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ, அடியில் போர்டின் சட்டத்துக்கு ஒரு தாங்கல்.

துளை போடும்போது பிட் நின்றுவிடுகிறது, அல்லது சட்டென்று உள்ளே விழுகிறது

மென்மையான சாம்பல் தூள் கொஞ்சமாக வந்து பிட் முன்னேறாவிட்டால் அது கான்கிரீட். அடுக்குமாடி வீடுகளில் தூணிலோ பீமிலோ மாட்டப் பார்க்கிறீர்கள். இங்கே ஹேமர் மோடு வேண்டும். தூளில் வெள்ளி மாதிரி மினுக்கு தெரிந்தால் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். பிடிவாதம் பிடிக்காமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள், கம்பியை வெட்டுவது கட்டடத்துக்கு நல்லதல்ல.

சட்டென்று விழுந்தால் ஹாலோ பிளாக். சாதா பிளக் அந்த வெற்றிடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே போய் விரிந்து கவ்விக்கொள்ளும் ஆங்கர் தனியாகக் கிடைக்கிறது, இல்லாவிட்டால் பக்கத்தில் நகர்ந்து பிளாக்கின் கெட்டியான பகுதியைத் தேடுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள், ஒயர் அந்த வழியாகத்தான் போகும். குளியலறை, சமையலறைச் சுவருக்குப் பின்னால் பைப் எங்கே என்று குழாயைப் பார்த்து யூகியுங்கள். சந்தேகமிருந்தால் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி மெஷினில் போடுங்கள்.

கொக்கி சுற்றிக்கொள்கிறது, ஒரு பக்கம் தலை சாய்கிறது

இதுதான் முன்பு சொன்ன ரிங் கோளாறு. ஒரே ஸ்க்ரூவில் தொங்கும் எதுவும் சுற்றும். இரண்டாவது ஸ்க்ரூவுக்குத் தண்டில் துளை போட மனமில்லை என்றால், தண்டை அணைத்தபடி ஒரு இரும்பு கிளாம்ப், பைப்பைச் சுவரோடு பிடிக்கப் பயன்படுத்துவார்களே அதுதான், வைத்து இரண்டு பக்கமும் ஸ்க்ரூ இறக்குங்கள். பார்க்கவும் பட்டறைக் களையாக இருக்கும். ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று திருப்புளியை எடுக்கவேண்டாம். பிளக் கிழிந்து போய் முந்தின கோளாறுக்குப் போய்ச் சேர்வீர்கள்.

துருவை எடுத்தேன், ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, கம்பி நாரால் தேய்த்து, வெள்ளி மாதிரி பளபளவென்று எடுத்திருப்பீர்கள். கழுவி வைத்த அரை மணியில் செம்பட்டை படர்ந்திருக்கும்.

எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? எங்கள் வீட்டில் போர் தண்ணீர். கடல் இரண்டு தெரு தள்ளி, போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. வினிகர் கழுவிய பச்சை இரும்பை அதில் அலசினால், துருவுக்கு நீங்களே விதை போட்டமாதிரி. குழிகளுக்குள் ஏறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே என்ன பூசினாலும் அடியிலிருந்து கொப்பளித்து வரும். வினிகரிலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு கேன் தண்ணீரிலோ குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரிலோ இரண்டு தடவை அலசுங்கள். காட்டுப்பள்ளியில் கடல் தண்ணீரின் உப்பை நீக்கி நாளுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் ஆலை 2010-ல் வந்தது, வடசென்னைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மெட்ரோ தண்ணீரில் அரை வாளி ஸ்பேனருக்கும் கொடுக்கலாம், தப்பில்லை.

அலசியதும் துடைத்து, தோசைக்கல்லில் சின்னத் தீயில் வைத்துச் சூடேற்றுங்கள். சூடு ஆறுவதற்குள் பூச்சு போடவேண்டும். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றால் நாளைக்குத் துருவுக்குத்தான் போடுவீர்கள்.

எதைப் பூசுவது? தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயவே காயாது, தூசியை ஒட்டிக்கொண்டு, சட்டைக் காலரில் கருப்பாக ஏறும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாகும், இரும்பின் பழைய நிறமும் தெரியும். மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று தடவை. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவைத்துவிட்டு, அப்புறம் எறியுங்கள். கடலுக்கு ரொம்பப் பக்கம் என்றால் எண்ணெய் எல்லாம் சரிப்படாது, ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் பெயின்ட், அல்லது நிறமில்லாத லேக்கர் இரண்டு கோட்.

முக்கியமான தவறு ஒன்று: முன்பக்கம் மட்டும் அடிப்பது. துரு பின்னாலிருந்துதான் தொடங்கும், சுவருக்கும் இரும்புக்கும் நடுவே காற்று போகாத இடத்தில். பின்பக்கமும் அடித்து, இடையில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் போட்டு மயிரிழை இடைவெளி விடுங்கள்.

சுவரில் பழுப்புக் கோடு, துணியில் பழுப்புப் புள்ளி

சுவர்க் கறைமேல் எமல்ஷன் அடித்தால் மறுபடி ஊறி வெளியே வரும். முதலில் எண்ணெய்வகை பிரைமர், அதன்மேல் பெயின்ட். துணியில் என்றால் எலுமிச்சம்பழச் சாற்றோடு உப்பைத் தேய்த்து வெயிலில் வைத்து அலசுங்கள். பிளீச்சிங் போடவே கூடாது, துருக்கறை நிலைத்துவிடும். என் தம்பியின் வெள்ளை யூனிஃபார்ம் சட்டையில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டேன். அவன் இன்னும் மறக்கவில்லை.

மரப்பிடி ஆடுகிறது, அடியில் மாவு கொட்டுகிறது

சுத்தியல் தலை ஆடினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பி இறுகும், உண்மைதான், காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஆடும். தலைப்பக்கத்துப் பிளவில் புது ஆப்பு அடிப்பதுதான் வழி. சுத்தியலின் பிடி பெரும்பாலும் கருவேல மரம், ஆப்பும் அதுமாதிரிக் கெட்டி மரத்தில் இருக்கட்டும்.

மாவு கொட்டினால் பிடியைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், அதிலிருந்து முகப்பவுடர் மாதிரித் தூள் என்றால் உளுப்பூச்சி. வெயிலில் நன்றாகக் காயவைத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த சூடான தண்ணீரை இரண்டு மூன்று முறை பூசி ஊறவிட்டு, மறுபடி உலர்த்துங்கள். மண்ணால் ஆன குழாய் மாதிரிக் கோடு சுவரிலேயே ஏறியிருந்தால் அது கரையான். கொக்கியை விடுங்கள், வீட்டைக் கவனியுங்கள்.

பை நழுவுகிறது, துணி கிழிகிறது

ஸ்பேனரின் வாய் மேலே பார்க்க, பதினைந்து இருபது டிகிரி சாய்ந்திருந்தால் எதுவும் நழுவாது. உள்விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுங்கள். விரல் நுனியால் தடவும்போது உறுத்தினால் சட்டையும் உறுத்தலை உணரும். பழைய பிவிசி பைப்பில் ஒரு துண்டு வெட்டி மாட்டினால் பட்டுப்புடவையைக்கூடத் தொங்கவிடலாம், ஆனால் என் அம்மா சம்மதிக்கவில்லை.

குழந்தைகள் ஓடும் வழியில் கொம்பு வெளியே நீட்டும் கொக்கியை அவர்கள் நெற்றி உயரத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்கிறார்

வாடகை வீட்டில் கொக்கிக்கு இரண்டு ஓட்டை வீதம் பத்துக் கொக்கிக்கு இருபது ஓட்டை போட்டால் அவர் கோபப்படுவது நியாயம்தான். ஒரு பலகையில் எல்லாக் கொக்கியையும் மாட்டி, அந்தப் பலகையை மட்டும் மூன்று ஓட்டையில் சுவரில் பொருத்துங்கள். பழைய கட்டிலின் சட்டம், உடைந்த கதவின் குறுக்குச்சட்டம், எதுவானாலும் ஓர் அங்குலக் கனமாவது இருக்கட்டும். வாசற்படிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே மின்சாரப் பெட்டிக்காகவோ பழைய போட்டோவுக்காகவோ போட்ட ஓட்டைகள் இருக்கும், அவற்றையே பயன்படுத்திக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். காலி செய்யும் நாளில் பிளக்கைக் குறடால் பிடுங்கி, ஓட்டையை நனைத்து, வெள்ளை சிமென்ட்டை உள்வரை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மிச்சமிருந்த பெயின்டை ஒரு விரலால் தொட்டு வையுங்கள். பலகையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்பேனரோடு சேர்த்து.